கார்புரேட்டர் கிண்ண ஸ்க்ரூவின் துளையில் மரை போய்விட்டதா?

முறுக்க முறுக்க ஸ்க்ரூ சும்மா சுற்றுகிறது, கார்புரேட்டருக்கு அடியில் உள்ள பெட்ரோல் கிண்ணத்தின் விளிம்பில் கசிகிறது. பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய தொல்லை. ஸ்க்ரூ எஃகு, கார்புரேட்டர் உடம்போ மெத்தென்ற வார்ப்பு உலோகம். கொஞ்சம் அழுத்தி முறுக்கினால் தோற்பது உடம்புதான்.

முதலில் பெட்ரோலை மூடி, கார்புரேட்டரைக் கழற்றுங்கள். ஃப்ளோட், ஊசி, ஜெட் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடுங்கள். உலோகத் துகள் ஒன்று ஜெட்டுக்குள் போனாலும் வண்டி ஐடிலில் நிற்காது. நன்றாகக் கழுவி, பெட்ரோல் வாடை போகும்வரை வெயிலில் காயவையுங்கள். அதற்குமுன் ட்ரில்லைத் தொட வேண்டாம்.

இப்போது ஒரு ஈர்க்குச்சியைத் துளைக்குள் விட்டு ஆழம் பாருங்கள். பழைய ஸ்க்ரூ எட்டாத அடிப்பகுதியில் பல நேரம் நல்ல மரை மிச்சமிருக்கும். அப்படியிருந்தால் 2, 3 மி.மீ. நீளமான ஸ்க்ரூ போதும், வேலை முடிந்தது. துளையின் அடியில் போய் இடிக்கும் நீளம் மட்டும் கூடாது. இடித்தால் ஸ்க்ரூ இறுகியதுபோல் தெரியும், கிண்ணம் இறுகியிருக்காது.

அடியிலும் மரை இல்லையா? கிண்ண ஸ்க்ரூ பெரும்பாலும் எம்4 (4 மி.மீ. தடிமன்), 0.7 பிட்ச் (மரைக்கு மரை 0.7 மி.மீ. இடைவெளி). பட்டறையில் கேட்டால் "எம்5 போட்டுடலாம்" என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தப் பெரிய ஸ்க்ரூவுக்காகக் கிண்ணத்தின் ஓட்டையையும் பெரிதாக்க வேண்டிவரும். ஹெலிகாயில் (துளைக்குள் புது மரையாக உட்காரும் கம்பிச் சுருள்) போட்டால் பழைய அளவு ஸ்க்ரூவே திரும்பப் பொருந்தும். எம்4 ஹெலிகாயில் செட் ஒன்று வாங்குங்கள். உள்ளே சுருள், அதற்கான மரை வெட்டும் டேப், சுருளை ஏற்றும் கருவி இருக்கும். ட்ரில் பிட் இல்லையென்றால், செட்டில் எழுதியிருக்கும் அளவையே தனியாக வாங்குங்கள், வழக்கமாக 4.1 அல்லது 4.2 மி.மீ.

துளையிடுவதுதான் உயிர்நாடி. துளையின் ஆழத்தைப் பிட்டில் குறித்து, அந்த இடத்தில் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றுங்கள் (இந்த டேப் வேறு, மரை வெட்டும் டேப் வேறு!). நான் முதல்முறை கையில் பிடித்தபடி அவசரமாகத் துளைத்தேன். துளை சாய்ந்து, ஸ்க்ரூ கிண்ணத்தோடு சேரவே இல்லை. வைஸில் துணி சுற்றிப் பிடித்து, மெதுவாக, நேராக இறக்குங்கள்.

அடுத்து டேப். இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. கை கனத்தால் வெளியே எடுத்து, துகளை ஊதிவிட்டு மறுபடி தொடங்குங்கள். டேப் உள்ளேயே ஒடிந்தால் எடுப்பது பெரும்பாடு.

சுருளைக் கருவியில் மாட்டி, மேல்விளிம்புக்கு அரைச் சுற்று கீழே இறங்கும்வரை திருகுங்கள். அடியில் இருக்கும் சின்ன வாலை மெல்லிய கம்பியால் ஒரே தட்டில் ஒடித்து, ட்வீசரால் எடுங்கள். ஸ்டெயின்லெஸ் என்பதால் காந்தத்தை நம்பாதீர்கள்.

ஒவ்வொரு வழியாகவும் காற்று ஊதிவிட்டுப் பூட்டுங்கள். புது ஸ்க்ரூவாக ஆலன் போல்ட் போடுவது நல்லது, ஸ்டார் தலைபோல் வழுக்காது. நான்கையும் குறுக்கும் மறுக்குமாக, குட்டைக் கையுள்ள ஆலன் கீயால் இரண்டு விரல் பலத்தில் மட்டும் இறுக்குங்கள். பெட்ரோலைத் திறந்துவிட்டுப் பத்து நிமிடம் கழித்து விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். ஈரம் தட்டினால் உடனே ஸ்க்ரூவை முறுக்கப் போகாதீர்கள், கேஸ்கட்டைப் பாருங்கள்.