மீன் தொட்டி நீர் பால்போல் மங்கினால் முழுவதையும் மாற்ற வேண்டாம்

புதிதாக அமைத்த நன்னீர் மீன் தொட்டியில் நீர் பால் கலந்ததுபோல் வெண்மையாக மங்கினால், முழு நீரையும் மாற்றாமல், வடிகட்டியைக் கழுவாமல், தீனியைப் பாதியாகக் குறைத்துவிட்டுச் சில நாட்கள் பொறுத்திருங்கள்.

மிஞ்சிய தீனியும் கழிவும் மட்கும்போது வெளிப்படும் கரிமப் பொருளை உண்டு, நீரில் மிதந்தபடி பெருகும் பாக்டீரியாக்களே இந்த வெண்மைக்குக் காரணம் என்பதால், உணவு குறைந்ததும் அவை தாமாகவே அடங்கிவிடும். ஆனால் வடிகட்டிப் பஞ்சைக் குழாய் நீரில் கழுவினால், மீன்களுக்கு நஞ்சான அம்மோனியாவை, அதுவும் நஞ்சான நைட்ரைட்டாகவும் பின்னர் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும், பஞ்சில் வாழும் பயனுள்ள பாக்டீரியாக்கள் குளோரினால் அழிந்து, தொட்டி நிலைபெறுவது மேலும் தாமதமாகும். பலர் செய்யும் தவறு இதுவே. பஞ்சு அடைத்துக்கொண்டிருந்தால், தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே மெதுவாக அலசுங்கள்.

மீன்கள் மேற்பரப்புக்கு வந்து மூச்சுக்குத் திணறினாலோ, சோதனையில் அம்மோனியாவோ நைட்ரைட்டோ தென்பட்டாலோ காத்திருக்கவே கூடாது: குளோரின் நீக்கிய, அதே வெப்பநிலையிலுள்ள நீரைக் கொண்டு கால் பங்கு முதல் பாதி வரை உடனே மாற்றி, காற்றோட்டத்தையும் கூட்டுங்கள். நீர் பச்சையாக இருந்தால் அது பாசி. அதற்குக் குறைக்க வேண்டியது முதலில் வெளிச்சத்தை.