சாக்கடைக் குழாய்க்குள் கேமரா விடும் முறை

அடைப்பு இருக்கும்போது கேமராவை விடாதீர்கள். கலங்கல் தண்ணீரில் லென்ஸுக்கு எதுவும் தெரியாது. முதலில் அடைப்பை எடுத்து, குழாயைக் கழுவிவிடுங்கள். டாய்லெட் கோப்பை வழியாக நுழைத்தால் வளைவில் கேமராத் தலை சிக்கும். சேம்பரோ, குழாயைச் சுத்தம் செய்வதற்கென வைத்த கிளீன்அவுட் மூடியோதான் சரியான வாசல்.

எவ்வளவு கேபிள் உள்ளே போனது என்று காட்டும் மீட்டர் கணக்கைப் பூஜ்ஜியமாக்கிவிட்டு, கேபிளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுங்கள். 4 அங்குலக் குழாயில் தலை அடியில் உரசாமலிருக்க, தலையை நடுவில் நிறுத்தும் வளையத்தை மாட்டுவது நல்லது. பெண்டில் நின்றுவிட்டால் முட்டித் தள்ளக் கூடாது. அரை அடி பின்னிழுத்து மறுபடி மெதுவாக விடுங்கள். கேபிள் மடிந்தால் உள்ளே ஒயர் போய்விடும், பெரிய செலவு அதுதான்.

உண்மையான பரிசோதனை திரும்ப இழுக்கும்போதுதான். ஜாயின்ட்டில் நூல் நூலாகத் தொங்குவது வேர். விளிம்பு பிறை போலத் தெரிந்தால் குழாய் விலகியிருக்கிறது. லென்ஸ் தண்ணீரில் மூழ்கி, சில அடி தள்ளி வெளிவந்தால் அங்கே குழாய் தொய்ந்திருக்கிறது. கழுவிய கையோடு பார்த்தால் இதில் ஏமாறலாம். தண்ணீரை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள்.

பழுது தெரிந்த இடத்தில் கேமராவை நிறுத்துங்கள். மீட்டர் கணக்கை மட்டும் நம்பித் தோண்டாதீர்கள், வளைவுகள் அதைக் குழப்பும். தலையிலிருந்து வரும் 512 ஹெர்ட்ஸ் சிக்னலை, தரைக்கு மேலிருந்தே அதைக் கண்டுபிடிக்கும் லொக்கேட்டர் கருவியால் பிடித்து, தரையில் குறியிடுங்கள்.