ராமநாதபுரக் கடற்கரைக்குப் பிள்ளைகளோடு போகிறீர்களா? காற்றைக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்

சிங்கப்பூரில் இருந்து ஊருக்கு வந்து இறங்கியதும் என் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, "தீம் பார்க் எங்கே இருக்கு?" என்பதுதான். ராட்சத ராட்டினமும் அலைக்குளமும் உள்ள பெரிய பூங்கா நம் கரையோரத்தில் கிடையாது. அதற்கு மதுரையைத் தாண்டிப் பரவையில் உள்ள அதிசயம் பூங்காவுக்குப் போக வேண்டும். ராமநாதபுரத்தில் இருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆனால் பிள்ளைகளுக்கு அலுக்காத இடங்கள் இங்கேயே உண்டு. உச்சிப்புளி பக்கம் அரியமான் கடற்கரை, பிரப்பன்வலசையில் துடுப்புப் படகு, தொண்டிப் பக்கம் காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் படகுச் சவாரி, பாம்பன் பக்கம் குந்துகாலில் இருந்து படகில் குருசடைத் தீவு. இவை எல்லாவற்றுக்கும் எஜமான் ஒருவர்தான்: காற்று.

மண்டபம், பாம்பன், தனுஷ்கோடி என்று நீளும் இந்த நிலத்துக்கு இரண்டு பக்கமும் கடல். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வடகடலைப் பெண்கடல் என்றும் தென்கடலை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். பெயரைக் கேட்டு, வடக்கு எப்போதும் சாது என்று நினைத்துவிட வேண்டாம். மே கடைசியில் இருந்து செப்டம்பர் வரை தென்மேற்கில் இருந்து கச்சான் அடிக்கும்போது தென்கடல் பொங்கும், வடகடல் குளம்போல் கிடக்கும். வடகிழக்கில் இருந்து வாடை தொடங்கிவிட்டால் கதை தலைகீழ்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு ஜூலை மாதம், கைப்பேசியில் பளிச்சென்று சூரியன் படம். மழைக்கு வாய்ப்பே இல்லை என்றது. "மாப்பிள்ளை, கச்சான் பலமா இருக்கு, அரியமானுக்குப் போங்க" என்று மாமா சொன்னார். கேட்காமல் தனுஷ்கோடிக்கு வண்டியை விட்டேன். அங்கே நிலம் முடியும் இடமான அரிச்சல்முனைக்குப் போகும் சாலையில் மணல் ஏறிக் கிடந்தது. காலில் ஊசி குத்துவதுபோல் மணல் அடித்தது. சின்னவள் கண்ணைத் திறக்கவே இல்லை. பத்து நிமிடத்தில் திரும்பிவிட்டோம். அன்றைக்கே சாயங்காலம் அரியமானில் சவுக்கு மரத்தடியில் உட்கார்ந்து பார்த்தால், முழங்கால் தண்ணீரில் ஊர்ப் பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள்!

ஆகவே லீவு எப்போது என்பதை வைத்து இடத்தை முடிவு செய்யுங்கள். வளைகுடா நாடுகளில் இருந்து ஜூலை, ஆகஸ்டில் வருபவர்களுக்கு அரியமான், பிரப்பன்வலசை, காரங்காடு. மூன்றும் வடகடல் பக்கம். தனுஷ்கோடி போயே ஆக வேண்டும் என்றால் விடியற்காலையில் போய்விட்டு, வெயில் ஏறுமுன் திரும்புங்கள். அங்கே நிழல் என்று ஒன்று கிடையாது. மாலையில் போலீஸார் எல்லோரையும் வெளியேற்றிவிடுவார்கள். அரிச்சல்முனையில் எந்த மாதத்திலும் குளிக்க இறங்காதீர்கள். ஜனவரி கடைசியில் இருந்து மார்ச் வரை வர முடிந்தால் கொடுத்து வைத்தவர்கள். குருசடைக்கு அதுதான் காலம், பனங்கிழங்கும் கிடைக்கும்.

சிங்கப்பூர், மலேசியாவில் இருந்து வருபவர்களுக்குத்தான் சிக்கல். ஆண்டுக் கடைசிப் பள்ளி விடுமுறை நவம்பர், டிசம்பர் வாக்கில் வரும். நம் மாவட்டத்துக்கு மழையும் அப்போதுதான். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. தனுஷ்கோடியை அழித்த 1964 புயலும் டிசம்பரில் வந்ததுதான். இந்த மாதங்களில் கடற்கரை விடுதிக்கு முழுப்பணமும் முன்கூட்டியே கட்டாதீர்கள். நான் ஒருமுறை கட்டி, மூன்று நாள் ஜன்னல் வழியாக மழையைப் பார்த்துவிட்டு வந்தேன். ஒரு காசு திரும்பவில்லை.

பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருக்கிறார்களா என்று செய்தியில் பாருங்கள். 1-ஆம் எண் என்றால் தூரத்தில் ஏதோ உருவாகியிருக்கிறது. 3-ஆம் எண் ஏறினால் படகுச் சவாரியை மறந்துவிடலாம். பலத்த காற்றில் பாம்பன் பாலத்தில் ரயிலையும் விடமாட்டார்கள், திரும்பும் பயணத்துக்கு ஒரு நாள் இடைவெளி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், டீக்கடையில் "இன்னைக்கு டோக்கன் கொடுத்தாங்களா அண்ணே?" என்று கேளுங்கள். விசைப்படகுகள் கடலுக்குப் போக மீன்துறை கொடுக்கும் அனுமதிச் சீட்டுதான் டோக்கன். காற்றைக் காரணம் சொல்லி அதைக் கொடுக்கவில்லை என்றால் கடல் சரியில்லை என்று அர்த்தம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால் அப்போது இந்தக் கேள்வி பயன்படாது; நாட்டுப்படகுக்காரர்களைக் கேளுங்கள்.

ஏப்ரல், மே மாதங்களில் இன்னொன்று உண்டு: கள்ளக்கடல். எங்கோ தெற்கே நடுக்கடலில் அடித்த காற்றால் கிளம்பும் பேரலை இது. இங்கே வானம் வெளுத்து, காற்றே இல்லாதபோதும் கரையேறும். எச்சரிக்கை வந்திருந்தால் கால் நனைக்கவும் இறங்க வேண்டாம்.

சரி, மதுரைப் பூங்கா? அங்கே காற்றைவிட இடியைப் பார்க்க வேண்டும். செப்டம்பர், அக்டோபரில் மதுரைப் பக்கம் மதியத்துக்கு மேல் இடிமழை பிடிக்கும். மின்னல் வெட்டினால் உயர ராட்டினங்களை நிறுத்திவிடுவார்கள், தண்ணீரில் இருந்தும் ஏறச் சொல்வார்கள். காலையில் திறக்கும்போதே உள்ளே இருந்து, முதலில் ராட்டினம், வெயில் ஏறியபின் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கத்திரி வெயிலில் தரை சுடும். செருப்பைக் கழற்றும் முன் யோசியுங்கள். தண்ணீர் விளையாட்டுக்கு நைலான் உடை கேட்பார்கள், ஊரிலிருந்தே எடுத்துப் போனால் வாடகை மிச்சம்.

நாள் முழுக்க மழை என்றால் ராமேஸ்வரம் பக்கம் பேய்க்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடம், ராமநாதபுரத்தில் ராமலிங்க விலாசம் அரண்மனை. சுவர் ஓவியங்களைப் பார்த்து என் பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள் என்பது வேறு விஷயம், எனக்குப் பிடித்திருந்தது.