டிஸ்பிளே வரவில்லையா? போர்டைத் திருப்பி அனுப்பும் முன் ரேமைப் பாருங்கள்

புது மதர்போர்டு வாங்கி வீட்டிலேயே மாட்டியவர்கள் எனக்குப் போன் செய்தால், பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும்: "அண்ணா, ஃபேன் சுத்துது, லைட் எரியுது, டிஸ்பிளே மட்டும் வரல. போர்டு டெட்டா?" அசெம்பிள் செய்வதுதான் என் தொழில். ரேமை ஒழுங்காகப் பார்த்து முடிக்கும்வரை எந்தப் போர்டையும் டெட் என்று நான் சொல்வதில்லை.

முதலில், வாங்கியது சரியான ரேம்தானா? டிடிஆர்4, டிடிஆர்5 என்ற இரண்டு ரேம் வகைக்குமே 288 பின், நீளமும் ஒன்றுதான். நடுவில் இருக்கும் வெட்டு மட்டும் இடம் மாறியிருக்கும். ஏஎம்டியின் ஏஎம்5 போர்டு என்றால் டிடிஆர்5 மட்டும்தான். இன்டெல் 12, 13, 14ஆம் தலைமுறைக்கு இரண்டு வகைப் போர்டும் கிடைக்கும் என்பதால் பெட்டியைப் படித்துவிட்டு வாங்குங்கள். வெட்டு பொருந்தவில்லை என்றால் அழுத்தாதீர்கள். ஸ்லாட் உடைந்துபோகும்.

எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) வயரைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில நொடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை இறக்குங்கள். கேபினெட்டில் பெயின்ட் இல்லாத இரும்பை ஒருமுறை தொட்டுக்கொள்ளுங்கள். நாலு ஸ்லாட் இருந்து உங்களிடம் இரண்டு ரேம் ஸ்டிக் என்றால், பெரும்பாலான போர்டுகளில் ப்ராசஸர் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவதும் நாலாவதும். ஏ2, பி2 என்று போர்டிலேயே பொடி எழுத்தில் இருக்கும். ஒரே ஸ்டிக் என்றால் ஏ2.

இப்போது வரும் நிறைய போர்டுகளில் கிளிப் ஒரு முனையில் மட்டும்தான் இருக்கிறது. அந்தப் பக்கம் 'டக்' என்று கேட்டதும் வேலை முடிந்தது என்று கையை எடுத்துவிடுகிறார்கள். கிளிப் இல்லாத மறு முனை, அதாவது கிராபிக்ஸ் கார்டு பக்கம், அரை மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டு நிற்கும். பார்வைக்கு உட்கார்ந்த மாதிரியே தெரியும். கண்ணை ஸ்லாட் மட்டத்துக்கு இறக்கி, டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு ஓரத்தில் தங்க நிறக் கோடு கொஞ்சம் அதிகமாகத் தெரிந்தால் அந்த முனை இறங்கவில்லை. இரண்டு கட்டைவிரலையும் இரண்டு முனையில் வைத்துச் சமமாக அழுத்துங்கள். போர்டு வளைவது போலத் தெரிந்து பயமாக இருந்தால், கேபினெட்டுக்குள் போடும் முன்பே போர்டு வந்த அட்டைப் பெட்டி மேல் வைத்து ரேமை மாட்டிவிடுங்கள்.

அப்புறம் பொறுமை. ஏஎம்5 போர்டில் முதல் தடவை ஆன் செய்யும்போது, ரேமோடு எந்த அளவில் பேசுவது என்பதைப் போர்டு தானே சோதித்துச் சோதித்து முடிவு செய்யும். மெமரி டிரெய்னிங் என்பார்கள். திரை கறுப்பாகவே இருக்கும், போர்டில் ரேமைக் குறிக்கும் சின்ன டிராம் விளக்கு எரியும், சில சமயம் தானாக ரீஸ்டார்ட் ஆகும். சில நிமிடங்கள் பிடிக்கும். ரேம் அளவு பெரிதானால் இன்னும் கூடும். நடுவில் அணைத்தால் மறுபடி முதலிலிருந்து. கால் மணி நேரம் தொடாமல் விடுங்கள்.

அதற்கும் வரவில்லை என்றால், எந்தப் பாகத்தில் சிக்கல் என்று காட்டும் போர்டு விளக்குகளைப் பாருங்கள். விஜிஏ (கிராபிக்ஸ்) விளக்கு எரிந்தபடியே நின்றால் மானிட்டர் வயர் எங்கே செருகியிருக்கிறது என்று பாருங்கள். இன்டெலின் 'எஃப்' மாடல்களில் உள் கிராபிக்ஸ் கிடையாது, அதனால் வயர் கிராபிக்ஸ் கார்டில்தான் இருக்க வேண்டும். சிபியு விளக்கு நின்றால் 8 பின் பவர் வயரைப் பாருங்கள், அல்லது போர்டின் பயாஸ் (போர்டுக்குள் இருக்கும் அடிப்படை மென்பொருள்) அந்த ப்ராசஸருக்கு முந்தையதாக இருக்கும்.

டிராம் விளக்கு நின்றால், சிமாஸை, அதாவது சேமித்து வைத்த பயாஸ் செட்டிங்கை, அழித்துவிட்டு (வயரைப் பிடுங்கி, சிஆர்2032 பேட்டரியை ஐந்து நிமிடம் கழற்றினாலும் போதும்) ஒரே ஒரு ஸ்டிக்கை ஏ2வில் போடுங்கள். வராவிட்டால் மற்ற ஸ்டிக்கைப் போடுங்கள். ஒரு ஸ்டிக் எந்த ஸ்லாட்டிலும் வரவில்லை, இன்னொன்று வருகிறது என்றால் குறை ஸ்டிக்கில். இரண்டுமே ஏ2வில் வந்து, பி பக்கம் மட்டும் வரவில்லை என்றால் உடனே ஸ்லாட்டைக் குறை சொல்லாதீர்கள். ரேமோடு பேசும் மெமரி கன்ட்ரோலர் ப்ராசஸருக்குள் இருக்கிறது. சாக்கெட்டில் ஒரே ஒரு பின் வளைந்தாலும் ஒரு சேனல் (ஏ அல்லது பி பக்கம்) முழுக்கப் போய்விடும். கூலர் ஸ்க்ரூவை ஒரு பக்கம் மட்டும் இறுக்கியிருந்தாலும் இதே கதைதான். கழற்றி, பின்களைப் பார்த்து, குறுக்கும் மறுக்குமாகச் சமமாக இறுக்குங்கள்.

டிஸ்பிளே வந்த பிறகு, 6000 என்று வாங்கிய ரேம் 4800 காட்டுகிறதே என்று கேட்பார்கள். பயாஸில் எக்ஸ்போ அல்லது எக்ஸ்எம்பி என்ற ரேம் வேக செட்டிங்கை ஆன் செய்தால்தான் அந்த வேகம். நாலு ஸ்டிக் போட்டால் டிடிஆர்5 வேகம் குறையத்தான் செய்யும். அதனால்தான் 32 ஜிபி கேட்பவர்களுக்கு 16 ஜிபி இரண்டாகவே நான் கொடுக்கிறேன்.

விண்டோஸ் போடும் முன் பென்டிரைவிலிருந்து ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ ஒரு முழுச் சுற்று ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் எக்ஸ்போவை அணைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். அப்போதும் வந்தால் பில்லோடு இரண்டு ஸ்டிக்கையும் சேர்த்தே கடையில் கொடுத்து மாற்றுங்கள். ஜோடியாக வாங்கியதில் ஒன்றை மட்டும் மாற்றி வாங்காதீர்கள்.