மலையகத்தில் குடியேற வீடு தேடுகிறீர்களா? மழை நாளில் போய்ப் பாருங்கள்

வெளிநாட்டிலிருந்து பிள்ளைகளோடு வருகிறவர்கள் நுவரெலியாவா, ஹட்டனா, கண்டியா, பண்டாரவளையா என்று ஊர்ப்பெயரில்தான் தொடங்குவார்கள். ஒரே ஊரில் மேட்டின் இந்தப் பக்கம் ஒரு மாதிரி, அந்தப் பக்கம் வேறு மாதிரி. ஆகவே ஊரை முடிவு செய்ய அரை நாள், தெருவை முடிவு செய்ய இரண்டு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விசா, சாமான் அனுப்புவது எல்லாம் முடிந்துவிட்டதாகவே எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: மழையை வைத்து ஊரைக் கழியுங்கள்

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை மேற்குச் சரிவில் கொட்டும். கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன் பக்கம் உடுப்பு காயாது, அலமாரிக்குள் பூஞ்சணம் பிடிக்கும். அதே மாதங்களில் பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் வெயிலும் காற்றும்தான். அங்கே மழை ஒக்டோபருக்குப் பிறகு. வீசிங் உள்ள பிள்ளை இருந்தால் கிழக்குப் பக்கத்தையே முதலில் பாருங்கள். குளிர் உயரத்தைப் பொறுத்தது: கண்டி ஏறத்தாழ 500 மீற்றர், நுவரெலியா 1,868 மீற்றர்.

படி 2: வீட்டுக்கு முன் பாடசாலை

அரச பாடசாலையில் முதலாம் தரத்துக்கு, ஜனவரி 31இல் பிள்ளைக்கு 5 வயது நிரம்பியிருக்க வேண்டும். இடங்களில் 50% பக்கத்தில் வசிப்பவர்களுக்கு. இதை நம்பி மதிலோடு மதிலாக வீடு எடுப்பவர்கள் ஏமாறுவார்கள். அந்த இடங்களுக்குப் புள்ளி போட்டுத்தான் தெரிவு செய்கிறார்கள்; புள்ளிகளில் ஒரு பெரிய பங்கு வாக்காளர் இடாப்பில் பெயர் இருந்த ஆண்டுகளுக்கும் வதிவிட ஆவணங்களுக்கும்தான் போகிறது. புதிதாக வந்தவருக்கு இரண்டும் இராது. பிள்ளையோடு வெளிநாட்டில் இருந்து திரும்பியவர்களுக்கு 1% தனி ஒதுக்கீடு உண்டு. விண்ணப்பத்தில் அந்தப் பிரிவைக் குறிப்பிடுங்கள். கல்வி அமைச்சின் சுற்றறிக்கை ஆண்டுதோறும் மாறும் என்பதால் அந்த ஆண்டுக்குரியதைக் கையில் வைத்துக்கொண்டே கதையுங்கள். பேர்போன பாடசாலை எல்லாவற்றிலும் தமிழ் மொழிமூலம் கிடையாது. மேல் வகுப்பு என்றால் அதிபரைச் சந்தித்து இடம் இருக்கிறது என்று எழுத்தில் வாங்கிய பிறகே வீட்டுக்கு முற்பணம் கொடுங்கள்.

படி 3: வீட்டின் பின்பக்கம்

எல்லாரும் முன்வாசலில் நின்று காட்சியைப் பார்க்கிறார்கள். நீங்கள் பின்பக்கம் போங்கள். மேட்டை வெட்டித்தான் இங்கே வீடு கட்டுகிறார்கள். வெட்டிய மண்மேடு பின்சுவரில் இருந்து எத்தனை அடி, எவ்வளவு உயரம் என்று பாருங்கள். மேட்டின் உயரம் அளவுக்காவது இடைவெளி இல்லையென்றால் நான் அந்த வீட்டை எடுக்கச் சொல்ல மாட்டேன். மேட்டைத் தாங்க அணைச்சுவர் கட்டியிருந்தால் அதில் தண்ணீர் வடிய பைப் துண்டுகள் பதித்திருக்கிறதா? பதிக்காத சுவருக்குப் பின்னால் தண்ணீர் தேங்கி, சுவர் வயிறு தள்ளும். மேலே ஓடும் கான் இலை, பொலித்தீன் அடைத்துக் கிடந்தால் அந்தத் தண்ணீர் வீட்டை நோக்கித்தான் வரும்.

பிறகு சரிவைப் பாருங்கள். மின்கம்பமும் டர்பன்டைன் மரமும் ஒரே பக்கம் சாய்ந்து நிற்பது, மானாப் புல்லுக்கு நடுவே நீளமான வெடிப்பு, திடீரென்று புதிதாகக் கிளம்பிய ஊற்று, ஊற்றுத் தண்ணீர் சேறாக வருவது, கதவு நிலையில் இறுகுவது: இவற்றில் இரண்டு சேர்ந்தாலே விட்டுவிடுங்கள். புதிதாகப் பெயின்ட் அடித்த வீட்டில் சுவர் வெடிப்பு தெரியாது. தரையில் ஒரு தேசிக்காயை உருட்டிவிட்டுப் பாருங்கள்.

கண்ணால் பார்த்தது போதாது. நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்களில் வீடு கட்ட அனுமதி எடுக்க, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை வேண்டும். சொந்தக்காரரிடம் அதையும் அனுமதி பெற்ற வரைபடத்தையும் கேளுங்கள். "இங்கே எல்லாம் ஒன்றும் நடக்காது" என்பது பதில் அல்ல. 2014 ஒக்டோபர் 29இல் பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டம் சரிந்தது. 2025 நவம்பரில் டித்வா புயலின்போது மூன்று மாவட்டங்களிலும் பல இடங்கள் சரிந்தன. அந்த நாட்களில் இந்த வீட்டார் வெளியேறினார்களா என்று பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேளுங்கள், தரகரிடம் அல்ல.

படி 4: காலை ஏழு மணி

பாடசாலை 7.30க்கு. அதற்கு முன் ஒரு நாள் வாசலில் இருந்து பஸ் தரிப்பிடம் வரை பிள்ளையோடு நடந்து பாருங்கள். மெப்பில் 600 மீற்றர் என்று காட்டுவது 200 படியாக இருக்கலாம். கடைசி பஸ் எத்தனை மணிக்கு, 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்பியூலன்ஸ் வாசல்வரை வருமா என்பதையும் அங்கேயே விசாரியுங்கள். நுவரெலியாவில் ஏப்ரல் சீசனில் பார்க்காதீர்கள். வாடகையும் வாகன நெரிசலும் அப்போது பொய் சொல்லும்.

தண்ணீர் நீர் வழங்கல் சபையுடையதா, ஊற்றா? ஊற்று என்றால் பெப்ரவரி, மார்ச்சில் எத்தனை நாள் வராது என்று கேளுங்கள். தோட்டக் காணியில் உள்ள வீட்டை யார் வாடகைக்குக் கொடுத்தாலும் காணி உறுதியைப் பார்க்காமல் கையெழுத்து வேண்டாம். வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் உள்ளவருக்குக் காணி வாங்க 2014இன் 38ஆம் இலக்கச் சட்டம் தடையாக இருக்கிறது, குத்தகைக்கு எடுக்கலாம். இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்கு அந்தத் தடை இல்லை.

பின்னர் சேர்த்தது: மண்சரிவு எச்சரிக்கை ஊர்ப்பெயரில் வராது, பிரதேச செயலகப் பிரிவின் பெயரில் வரும். கண்டி நகரத்தார் "கங்கவட்ட கோறளை" என்று வாசித்ததும் தங்களைத்தான் சொல்கிறார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் மஞ்சள் எச்சரிக்கை, 100 என்றால் அம்பர், 150 என்றால் சிவப்பு: வெளியேற வேண்டும். விலை கூடின மழைமானி வேண்டாம். பக்கம் நேராக உள்ள ஒரு பால்மா டின்னும் அடிமட்டமும் போதும். திறந்த வெளியில் வைத்த டின்னில் மூன்று அங்குலம் ஏறினால் மஞ்சள், நாலு என்றால் பையைக் கட்டுங்கள், ஆறுக்குக் காத்திருக்க வேண்டாம்.