ஸ்மார்ட் கருவிக்கு ஏர்கோன் பணியவில்லை: என் அனுபவம்

சுங்கை சிப்புட்டில் எங்கள் அம்மாவுக்கு இரவில் வெக்கையும் தாங்காது, அதிகக் குளிரும் ஒத்துக்கொள்ளாது. அதற்காகவே ஏர்கோனைத் தானாக இயக்கும் ஸ்மார்ட் கருவி வாங்கினேன். சுவரில் கம்பி இழுத்துப் பொருத்தும் தெர்மோஸ்டாட் (வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் கருவி) பெரும்பாலும் 24 வோல்ட் மத்திய ஏர்கோன், ஹீட்டர்களுக்கானது. நம் ஸ்பிளிட் ஏர்கோனுக்கு ரிமோட் போல அகச்சிவப்புக் கதிர் அனுப்பும் வகைதான் வேண்டும்.

முதலில் வைஃபை இணையவில்லை. கருவிக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசை மட்டுமே ஆகும். ரௌட்டரில் அந்த அலைவரிசைக்குத் தனிப்பெயர் கொடுத்ததும் இணைந்தது.

அப்புறம்தான் பெரிய தலைவலி. செயலியில் 26 டிகிரி, ஓடுகிறது என்று காட்டும், ஏர்கோனோ அசையாது. கதிரை அனுப்புவதோடு கருவியின் வேலை முடிந்தது, ஏர்கோன் வாங்கிக்கொண்டதா என்று அதற்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கதிரைக் கைப்பேசியின் முன்கேமராவில் பார்த்தேன், ஊதா நிறத்தில் மின்னியது. கதிர் போகிறது, அலமாரிதான் மறைக்கிறது! ஏர்கோனுக்கு நேர் எதிரே மாற்றினேன்.

இப்போது ஓடியது, ஆனால் வெப்பநிலை மாறவில்லை. ஏர்கோன் ரிமோட் பொதுவாக ஒவ்வோர் அழுத்தலிலும் வெப்பநிலை, காற்றின் வேகம், இயக்க முறை எல்லாவற்றையும் சேர்த்தே அனுப்பும். அதனால் செயலியில் கம்பெனிப் பெயரை மட்டும் தேர்ந்தெடுத்தால் போதாது. ரிமோட்டின் மாடல் எண்ணுக்குரிய குறியீடும் பொருந்த வேண்டும். அதை மாற்றியதும் சொன்னபடி கேட்டது.

ஒன்று மட்டும் கவனியுங்கள்: குளிர்காற்று நேராகப் படும் இடத்தில் கருவியை வைக்காதீர்கள். அறை குளிரும் முன்பே குளிர்ந்துவிட்டதாக எண்ணி ஏர்கோனை நிறுத்திவிடும்.