பூனை லிட்டர் பாக்ஸ (அது உச்சா போற மண்ணு ட்ரே) விட்டுட்டு மெத்தையில உச்சா போகுதா? இத படிங்க

நாலு நாள் ஊருக்கு போயிட்டு வந்தா மெத்தையில ஈரம், உடனே நம்மாளுங்க என்ன சொல்வாங்க, "விட்டுட்டு போனீங்கல்ல, அதான் பழிவாங்குது". பூனைக்கு அவ்ளோ வன்மம்லாம் கிடையாதுங்க. ஒண்ணு உடம்புக்கு முடியல, இல்ல பாக்ஸ் பிடிக்கல, இல்ல எதுக்கோ பயந்து போயிருக்கு, அதனால திட்டறது அடிக்கறது மூஞ்சிய அதுல தேய்க்கறது எதுவும் வேணாம், இன்னும் பயந்து சோபாவுக்கு பின்னாடி போய் ஒளிஞ்சு போகும், அத கண்டுபிடிக்கறதுக்குள்ள உங்க பாடு திண்டாட்டம்.

முதல்ல உடம்ப பாருங்க. ஆண் பூனை பாக்ஸுக்கு போறதும் வர்றதுமா இருக்கு, முக்குது, கத்துது, அந்த இடத்தயே நக்கிட்டு இருக்கு, ஆனா சொட்டு சொட்டா வருது இல்ல வரவே இல்லன்னா யூரின் போற குழாய் அடைச்சிருக்கலாம். நிறைய பேர் மலச்சிக்கல்னு நெனச்சு விளக்கெண்ணெய் குடுத்து ஒரு நாள ஓட்டிடறாங்க. ஓட்டாதீங்க, ஒண்ணு ரெண்டு நாள்ல உயிரே போயிடும், நடுராத்திரின்னாலும் தூக்கிட்டு ஓடுங்க. யூரின்ல ரத்தம் தெரிஞ்சாலும் அன்னைக்கே காட்டிடுங்க. வயசான பூனை நிறைய தண்ணி குடிச்சு நிறைய போகுதுன்னா சுகர், கிட்னி ரெண்டுக்கும் டெஸ்ட் எடுக்க சொல்லுங்க.

அப்புறம் எப்படி போகுதுன்னு கவனிங்க. நின்னுக்கிட்டே வால தூக்கி நடுங்கவிட்டு செவுத்துல பீச்சுதுன்னா அது ஸ்ப்ரே, ஏரியா என்னுதுன்னு போர்டு மாட்டுது, கருத்தடை பண்ணாத கடுவன்தான் அதிகமா இத செய்யும். ஆபரேஷன் பண்ணா பெரும்பாலும் நின்னுடும், ஆனா அன்னைக்கே நிக்காது, சில வாரம் ஆகும். உக்காந்து தரையிலயோ துணியிலயோ குளமா போகுதுன்னா, உடம்பு நல்லா இருக்குன்னு டாக்டர் சொன்னதுக்கப்புறம், பாக்ஸ சந்தேகப்படுங்க.

எங்க வீட்ல பாக்ஸ் இருந்தது பால்கனியில, வாஷிங் மெஷின் பக்கத்துல. எங்க பூனை உள்ள உக்காந்திருக்கும்போது ஒரு நாள் ஸ்பின் ஓடி மெஷினே குதிச்சிருக்கு, அதோட சரி, அந்த பக்கமே போகல, எங்களுக்கு அது புரியவே ஒரு மாசம் ஆச்சு. சாப்பாட்டு தட்டு பக்கத்துலயும் வைக்காதீங்க, நாமளே வைப்போமா. ஒரு பூனைக்கு ரெண்டு பாக்ஸ், ரெண்டுக்கு மூணு, அதுவும் வேற வேற இடத்துல. கடையில விக்கற குட்டி ட்ரே வளந்த பூனைக்கு பத்தாது, பிளாஸ்டிக் கடையில பெரிய டப் வாங்கி ஒரு பக்கத்த மட்டும் தாழ்வா வெட்டிடுங்க, மூடி வேணாம். லிட்டர், அதாவது பாக்ஸுக்குள்ள போடற மண்ணு, ரெண்டு மூணு இஞ்ச் ஆழம் போதும், வாசனை போட்டது வாங்காதீங்க, லாவெண்டர் வாசம் நமக்குதான் சுகம். பிராண்ட் மாத்தறதா இருந்தா பழசுல கொஞ்சம் கொஞ்சமா கலந்து மாத்துங்க. கட்டிய தினமும் அள்ளணும், காலைல ஒரு தடவ நைட்டு ஒரு தடவன்னா இன்னும் நல்லது.

இப்ப நாத்தம். நம்ம வீட்ல எல்லாத்துக்கும் ஒரே மருந்து ஃபினாயில்தான், எங்கம்மா அரை பாட்டில ஊத்தினாங்க, மறுநாள் அதே டைல்ஸ்ல அதே குளம். ஃபினாயில், டெட்டால் மாதிரி ஐட்டத்துல இருக்கற ஃபீனால் வகைய பூனையோட கல்லீரலால சரியா முறிக்க முடியாது, மிதிச்ச கால நக்கினா விஷம். அமோனியா கலந்த கிளீனர் வேற யூரின் வாசம் மாதிரியே இருக்கும், இங்கதான் போகணும்னு நாமளே வழி காட்டின மாதிரி ஆயிடும். பெட் ஷாப்ல என்சைம் கிளீனர்னு கேளுங்க, அது யூரின் வாசத்தயே உடைச்சு போக்கிடும். மேலாப்புல தெளிச்சு தொடச்சா வேலைக்காகாது, யூரின் எவ்ளோ ஆழம் இறங்குச்சோ அவ்ளோ ஆழம் மெத்தை ஸ்பாஞ்சும் நனையணும், பாட்டில்ல போட்டிருக்கற நேரம் ஊறணும், அப்புறம் தானா காயணும். பழைய கறை எங்கன்னு தெரியலன்னா லைட்ட அணைச்சிட்டு யூவி டார்ச் அடிங்க, நாங்க அடிச்சு பாத்தப்ப சோபா காலு நாலும் மின்னுச்சு, அன்னைக்கு நைட்டு யாரும் சோபாவுல உக்காரல.

பாக்ஸ ஹால் மூலைக்கு மாத்தினதும் ரெண்டு வாரம் நல்லா இருந்துச்சு, திடீர்னு ஜன்னல் கிட்ட மறுபடி ஆரம்பிச்சிடுச்சு. என்னடான்னு பாத்தா தெருவுல சுத்தற கடுவன் ஒண்ணு தினமும் சாயங்காலம் சன்ஷேட்ல வந்து உக்காந்து உள்ள முறைக்குது. ஜன்னல் கீழ்ப்பாதிக்கு பேப்பர் ஒட்டினேன், அந்த இடத்த என்சைம் போட்டு கழுவி அங்கயே இதோட சாப்பாட்டு தட்ட வெச்சேன், அதுக்கப்புறம் அங்க போறதில்ல.